கேலக்ஸி கிளஸ்டர வச்சு பிரபஞ்ச விரிவ டெஸ்ட் பண்ண நாலு வழி: எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு எத எடுக்கலாம்?

நவம்பர் டிசம்பர் ஆச்சுன்னா நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து காலேஜ்கள்ல எம்எஸ்சி பிசிக்ஸ் படிக்கிற தம்பி தங்கச்சிமாருகிட்ட இருந்து ஒரே மாதிரி மெசேஜ்தான் வருது. "அண்ணா, கிரிஸ்டலும் வளக்க வேண்டாம் நானோ துகளும் வேண்டாம், கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்ட காஸ்மாலஜில பண்ணணும், கேலக்ஸி கிளஸ்டர் வச்சு பண்ணுன்னு சார் சொன்னாரு, உள்ள போய் பாத்தா நாலு வழி கெடக்கு, எதப் புடிக்க?" ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி முடியல, மொத்தமா எழுதிப் போடுறேன்.

முதல்லயே சொல்லிடுறேன், இந்த நாலுல மூணு வழி கடைசில போய் முட்டுற இடம் ஒண்ணுதான், கிளஸ்டரோட எடை. அது தெரிஞ்சுட்டா மத்ததெல்லாம் கணக்கு. மிச்சம் உள்ள ஒண்ணுல, அதாவது கீழ வர்ற வழி 3-ல, எடை வேண்டாம், ஆனா கிளஸ்டர் உருண்டையா இருக்கா நீளமா இருக்கான்னு தெரியணும், அதுவும் லேசுப்பட்ட காரியம் இல்ல. அதனால "எந்த வழி பெருசு"ன்னு பாக்காதீங்க, "எந்த வழில உள்ள தப்ப என்னால கையில புடிச்சுக் காட்ட முடியும்"னு பாருங்க, ப்ராஜெக்ட் அங்கதான் நிக்குது.

தெரியாதவங்களுக்காக அடிப்படை கொஞ்சம். ஈர்ப்பு விசையால கட்டுண்டு கெடக்குறதுலயே பிரபஞ்சத்துல பெரிய பொருள் கேலக்ஸி கிளஸ்டர். நம்ம சூரியனப் போல 100 லட்சம் கோடி மடங்கு எடைல இருந்து 1000 லட்சம் கோடி மடங்கு வரைக்கும் போவும். அதுல நம்ம கண்ணுக்குத் தெரியுற கேலக்ஸிங்க சில சதவீதம்தான், 10-15% சூடான வாயு, அதுவும் 1 கோடில இருந்து 10 கோடி டிகிரி சூட்டுல எக்ஸ்ரே வீசிக்கிட்டு கெடக்கும், மிச்சம் பூரா டார்க் மேட்டர். 1933ல ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கிளஸ்டரப் பாத்துதான் கண்ணுக்குத் தெரியாத எடை இருக்குன்னு முதல்ல சொன்னாரு. விரிவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, டார்க் எனர்ஜி பிரபஞ்சத்த வேகமா விரிக்க விரிக்க புதுசா பெரிய கிளஸ்டர் சேர்றது பைய குறையும், அது வளர்ச்சி. இன்னொரு பக்கம் தூரத்துக்கும் ரெட்ஷிஃப்டுக்கும் (விரிவால ஒளி சிவப்புப் பக்கம் நகர்ற அளவு) உள்ள உறவு மாறும், அது ஜியாமெட்ரி. சூப்பர்நோவா, அதாவது வெடிக்கிற நட்சத்திரம், ஜியாமெட்ரி மட்டும்தான் சொல்லும், கிளஸ்டர் ரெண்டையும் சொல்லும், அதுக்குத்தான் இவ்வளவு மெனக்கெடு.

எத வச்சு முடிவு பண்ண

முதல்ல கேள்வி. பிரபஞ்சம் இப்ப விரியுற வேகத்தச் சொல்ற ஹபிள் மாறிலியா, டார்க் எனர்ஜியோட டபிள்யூவா (அதோட அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம், மாறாத டார்க் எனர்ஜின்னா -1), பொருள் அடர்த்தி ஒமேகா எம்-மா, இல்ல கட்டமைப்பு எவ்வளவு திரண்டிருக்குன்னு சொல்ற சிக்மா 8-ஆ? எல்லா வழியும் எல்லாத்தையும் சொல்லாது. ஹபிள் மாறிலிக்கு பிளாங்க் செயற்கைக்கோள் 67.4-ன்னுது, செஃபீட் (ஒளி கூடிக் குறையுற நட்சத்திரம்), சூப்பர்நோவா வழில 73-ன்னு வருது, இந்தச் சண்டைக்குள்ள போகணும்னா அதுக்கு ஏத்த வழிதான் எடுக்கணும், கிளஸ்டர் எண்ணிக்கை அங்க உதவாது.

ரெண்டாவது டேட்டா ஓசியா கெடைக்குமா, கெடைச்சாலும் அப்பிடியே யூஸ் பண்ணலாமா இல்ல மாசக்கணக்குல சுத்தம் பண்ணணுமா. மூணாவது லேப்டாப்பு, ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் உள்ள நேரம். நாலாவது மேல சொன்ன எடைப் பிரச்சனை. அஞ்சாவதுதான் எல்லாரும் மறக்குறது: வைவால எக்ஸ்டர்னல் "இதுல உன் வேலை என்னம்மா?"ன்னு ஒரு கேள்வி கேப்பாரு, அதுக்கு ஒரு படத்தக் காட்டி பதில் சொல்ல முடியணும்.

வழி 1: எண்ணிப் பாக்குறது

வானத்துல இவ்வளவு பரப்புல, இந்த ரெட்ஷிஃப்ட்ல, இந்த எடைக்கு மேல எத்தன கிளஸ்டர்னு எண்ணி, மாடல் சொல்ற எண்ணிக்கையோட ஒப்பிடுறது. கேக்க ரொம்ப சிம்பிள். ஜியாமெட்ரி, வளர்ச்சி ரெண்டையும் ஒரே அடியா டெஸ்ட் பண்றதும் இதுதான், அதனால ஆராய்ச்சி உலகத்துல இதுக்குத்தான் மவுசு.

2009ல விக்லினின் குழு சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கில பாத்த 86 கிளஸ்டர மட்டும் வச்சே டார்க் எனர்ஜி இருக்குன்னு காட்டுனாங்க. இப்ப ஜெர்மனிக்காரங்களோட இரோசிட்டா எக்ஸ்ரே தொலைநோக்கி 2019 ஜூலைல கிளம்பி, 2022 பிப்ரவரில உக்ரைன் போர் வந்ததும் நிறுத்தி வச்சுட்டாங்க, ஆனா முதல் சர்வேலயே பாதி வானத்துல 12,247 கிளஸ்டர். அதுல 5,259 எடுத்து 2024ல முடிவு போட்டாங்க, ஒமேகா எம் 0.29, டபிள்யூ -1.12, பிழை 0.12. தென்துருவ தொலைநோக்கில 1,005 கிளஸ்டர் வச்சு இன்னொரு முடிவு. கேட்டலாக் எல்லாம் பொதுவுல கெடக்கு, மொபைல் ஹாட்ஸ்பாட்லயே டவுன்லோட் ஆயிடும், அதப் பாத்துத்தான் நம்ம பிள்ளைங்க மயங்குறது.

மறைஞ்சு கெடக்குற செலவு இங்கதான். ராத்திரி குளச்சல் கரைல நின்னு கடலப் பாத்தா கிட்ட கெடக்குற வள்ளத்துல உள்ள சின்ன விளக்கும் தெரியும், தூரத்துல பெரிய லைட்டு போட்ட விசைப்படகு மட்டும்தான் தெரியும், அத வச்சு ஆழ்கடல்ல சின்ன வள்ளமே இல்லன்னு எழுதுனா எப்பிடி இருக்கும்? எக்ஸ்ரே சர்வேயும் அதே கதைதான். எது தெரியும் எது தெரியாதுங்கிற கணக்கு, செலக்‌ஷன் ஃபங்ஷன்னு சொல்றது, அத சரியா போடாம எண்ணிக்கைய மட்டும் ஒப்பிட்டா பிரபஞ்சத்தப் பத்தி இல்ல, தொலைநோக்கியப் பத்திதான் முடிவு வரும்.

அதோட எடை. பெரிய கிளஸ்டர்கள்ல எடைய 10% மாத்திப் போட்டா எண்ணிக்கை 30%, அதுக்கும் மேலயே மாறும், அந்த வளைவு அவ்வளவு செங்குத்து. எவ்வளவு ஆபத்துன்னு தெரியணும்னா மூணு ரிசல்ட்ட பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சிக்மா 8-யும் ஒமேகா எம்-மையும் சேத்த எஸ்8-ங்கிற அளவு, டார்க் எனர்ஜி சர்வேயோட முதல் வருச கிளஸ்டர்ல 0.65, இரோசிட்டால 0.86, பிளாங்க் பாத்த ஆதி ஒளில (பிக்பேங்குக்கு அப்புறம் மிச்சமா இன்னும் வந்துக்கிட்டு இருக்குற மைக்ரோவேவ் ஒளி) இருந்து 0.83. எண்ணுற வழி ஒண்ணுதான், ஒருத்தருக்கு ரொம்ப கீழ, இன்னொருத்தருக்கு மேல. டார்க் எனர்ஜி சர்வேல சின்ன கிளஸ்டருங்களோட எடைதான் சொதப்பியிருக்கணும்னு அவங்களே எழுதியிருக்காங்க, பார்வைக் கோட்டுல முன்னயும் பின்னயும் கெடக்குற கேலக்ஸியெல்லாம் ஒரே கிளஸ்டர் மாதிரி தெரியுறது ஒரு பெரிய தொல்லை. பிளாங்க்கே தன்னோட 439 கிளஸ்டர எண்ணுனப்ப, ஆதி ஒளியோட ஒத்துப்போகணும்னா எக்ஸ்ரே வழி எடை நெசத்துல 58%தான்னு வைக்க வேண்டி வந்துச்சு. மத்த ஆட்கள் 70-90%ன்னு நெனச்சுக்கிட்டு இருந்த நேரம் அது.

அப்போ இத எடுக்கவே கூடாதான்னா அப்பிடி இல்ல. முழு லைக்லிஹுட் (டேட்டாவும் மாடலும் எவ்வளவு பொருந்துதுங்கிற கணக்கு) எழுதி டபிள்யூ கண்டுபுடிக்கப் போறேன்னு இறங்காதீங்க, அது ஒரு பெரிய கூட்டத்தோட பல வருச வேலை. அதுக்குப் பதிலா கொலோசஸ்ங்கிற பைத்தான் லைப்ரரில டிங்கர் 2008 மாஸ் ஃபங்ஷன (எந்த எடைல எத்தன கிளஸ்டர் இருக்கும்னு சொல்ற சூத்திரம்) எடுத்து, எடை பயாஸ (அளந்த எடை நெச எடைல எத்தன பங்குன்னு) 0.6ல இருந்து 1 வரைக்கும் மாத்தி மாத்தி எண்ணிக்கை எப்பிடி ஆடுது, சிக்மா 8 எவ்வளவு நகருதுன்னு ஒரு படம் போடுங்க. கோடிங் புடிக்கும், எக்ஸ்ரே டேட்டாவ சுத்தம் பண்ற பொறுமை இல்லன்னு சொல்றவங்களுக்கு இது கொள்ளாம்.

வழி 2: வாயு விகிதம்

என்னக் கேட்டா பெரும்பாலான பிள்ளைங்களுக்கு இதுதான் சரி, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பெரிய கிளஸ்டர் ஒவ்வொண்ணும் பிரபஞ்சத்துல இருந்து நியாயமா அள்ளுன ஒரு துண்டு, அதனால அதுல உள்ள சாதாரண பொருளுக்கும் மொத்த எடைக்கும் உள்ள விகிதம் பிரபஞ்சத்தோட விகிதத்துக்கு கிட்டத்தட்ட சமமா இருக்கணும், எல்லா காலத்துலயும் ஒண்ணா இருக்கணும். 1993ல வைட், நவாரோ, எவ்ரார்ட், ஃப்ரெங்க் நாலு பேரும் கோமா கிளஸ்டர்ல இந்தக் கணக்கப் போட்டப்பதான், பிரபஞ்சத்துல பொருள் நெருக்கடி அடர்த்திய (பொருளோட ஈர்ப்பே விரிவ அடக்கப் போதுமான அளவு) எட்டுற அளவுக்கு இல்லன்னு அடிச்சுச் சொன்ன மாதிரி ஆச்சு, டார்க் எனர்ஜி கண்டுபுடிக்க இன்னும் 5 வருசம் இருந்த நேரம்.

விரிவு உள்ள வர்றது இப்பிடி. எக்ஸ்ரேல கணக்குப் போடுற வாயு எடை தூரத்தோட 2.5 அடுக்குல ஏறும், மொத்த எடை தூரத்தோட நேரா ஏறும், அப்போ விகிதம் தூரத்தோட 1.5 அடுக்கு. தூரம் மாடலப் பொறுத்தது. தப்பான மாடல் போட்டா, மாறாம நிக்க வேண்டிய விகிதம் ரெட்ஷிஃப்டோட சாயும். டார்க் எனர்ஜி இல்லாத, பொருள் மட்டும் நெறஞ்ச ஐன்ஸ்டீன்-டி சிட்டர் மாடல போட்டுப் பாருங்க, தூரக் கிளஸ்டருங்களோட விகிதம் பட்டுன்னு கீழ இறங்கும். லாம்ப்டா, அதாவது மாறாத டார்க் எனர்ஜி, போட்டா கோடு நேராகும். வைவால முதல் ஸ்லைடே இந்த ரெண்டு படமும் பக்கத்துல பக்கத்துல இருந்தா போதும், எக்ஸ்டர்னல் மொகம் மாறும்.

ஆலன் குழு 2008ல 42 கிளஸ்டர் வச்சு ஒமேகா எம் 0.28-ன்னாங்க, பிழை 0.06. மான்ட்ஸ் குழு 2014ல கிளஸ்டர் 40தான், ஆனா அமைதியா செட்டிலானதா பொறுக்கி எடுத்தது, மையத்தையும் வெட்டிட்டு நடுவுல உள்ள ஒரு கூட்டுல மட்டும் அளந்தாங்க. அந்த டேபிள் பேப்பர்லயே கெடக்கு, ப்ரோகிராம் கோடும் பொதுவுல கெடக்கு. 40 புள்ளிதானேன்னு ஏளனமா பாக்காதீங்க, நாலு மாசத்துல ஒரு ஆளு உள்ளங்கையில வச்சு ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாக்க 40தான் சரியான அளவு. எம்சிஎம்சி (எந்த மதிப்பு டேட்டாவோட பொருந்துதுன்னு மாத்தி மாத்தி தேடுற கணக்கு) 4 ஜிபி ராம் லேப்டாப்லயே நிமிசத்துல ஓடிடும். அதுக்கு உள்ள எம்சீங்கிற பைத்தான் பேக்கேஜ்ல செயின (தேடிப் போன மதிப்புகளோட வரிசை) ஃபைல்ல சேத்துக்கிட்டே போற வசதி இருக்கு, அத ஆன் பண்ணி வைங்க, ஏப்ரல்ல கோடை மழை இடியோட வந்து கரண்டு போச்சுன்னா விட்ட இடத்துல இருந்தே ஓட்டலாம்.

செலவு என்னன்னா, இந்த டேட்டா தனியா நிக்காது. ஒமேகா எம் வேணும்னா சாதாரண பொருளோட அளவ வெளிய இருந்து, பிக்பேங் அணுக்கரு உருவாக்கக் கணக்குல இருந்து கொண்டு வரணும், ஹபிள் மாறிலியும் வெளிய இருந்துதான். கிளஸ்டருக்குள்ள விகிதம் பிரபஞ்ச சராசரிய விட கொஞ்சம் குறைவா இருக்கும்ங்கிற திருத்தம் சிமுலேஷன்ல இருந்து வருது. மொத்த எடை கணக்குப் போடுறது வாயு அமைதியா நிக்குதுங்கிற நம்பிக்கைல, அது கொந்தளிச்சா எடை குறைச்சலா வரும், அத வீக் லென்சிங் (கிளஸ்டரோட ஈர்ப்பு பின்னால உள்ள கேலக்ஸிங்களோட உருவத்த லேசா இழுக்குறத அளக்குறது) வச்சு சரி பண்ணித்தான் மான்ட்ஸ் ஆட்கள் போட்டாங்க. இதையெல்லாம் மறைக்காம ஒவ்வொண்ணா ஆன் ஆஃப் பண்ணிப் பாத்து "இந்தத் திருத்தத்த எடுத்தா ஒமேகா எம் இவ்வளவு நகருது"ன்னு ஒரு டேபிள் போடுங்க, உங்க வேலை அதுதான்.

இன்னும் ஒரு படி மேல போகணும்னு ஆசை உள்ளவங்க ஒரே ஒரு கிளஸ்டர சந்திரா ஆர்கைவ்ல இருந்து எடுத்து தானே பண்ணிப் பாக்கலாம். ஏபல் 1835 நல்ல கேஸ், ரெட்ஷிஃப்ட் 0.25, அமைதியானது, ஒரே சிப்புக்குள்ள பெரும்பாலும் அடங்கிடும். சந்திரா டேட்டாவ அலசுற சியாவோ சாஃப்ட்வேர் ஓசிதான், ஆனா விண்டோஸ்ல நேரா ஓடாது, லினக்ஸோ டபிள்யூஎஸ்எல்லோ (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டுறது) வேணும், கேலிப்ரேஷன் ஃபைலுங்களே பல ஜிபி, அத காலேஜ் வைஃபைல ராத்திரி போட்டு விட்டுட்டுப் போறதுதான் புத்தி. ஃபிளேர் (பேக்ரவுண்டு திடீர்னு ஏறுறது) வந்த நேரத்த வெட்டணும், நடுவுல தெரியுற புள்ளி மூலங்கள எடுத்துடணும், பேக்ரவுண்டு கழிக்கணும், அப்புறம் மையத்துல இருந்து வட்ட வட்டமா பிரகாசத்த எடுத்து பீட்டா மாடல் (வெளிய போகப் போக பிரகாசம் எப்பிடி குறையுதுன்னு சொல்ற சூத்திரம்) போடணும். போட்டதும் ஒண்ணு கவனிப்பீங்க, வெளிப்பக்கம் கோடு டேட்டாவோட அழகா ஒட்டிப் போவும், மையத்துல மட்டும் டேட்டா புள்ளியெல்லாம் கோட்டுக்கு மேல கும்பலா ஏறி நிக்கும். பயந்து போய் ப்ரோகிராம்ல தப்பத் தேடாதீங்க, அங்க வாயு குளுந்து நெருக்கமா கெடக்கு, ஒத்த பீட்டா மாடலுக்கு அது அடங்காது, ரெட்டை பீட்டா போட்டா சரியாவும். மான்ட்ஸ் ஆட்கள் ஏன் மையத்த வெட்டுனாங்கன்னு அப்ப தானா புரியும்.

வழி 3: எக்ஸ்ரேயும் எஸ்இசட்டும் சேத்து தூரம்

எஸ்இசட்ங்கிறது சுன்யாயேவும் செல்டோவிச்சும் 1970 வாக்குல சொன்ன விளைவு. ஆதி ஒளி கிளஸ்டர் வாயு வழியா வரும்போது எலக்ட்ரான் தட்டிவிட்டு அதோட ஆற்றல் கொஞ்சம் ஏறும், 217 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழ அந்த எடம் கொஞ்சம் மங்கலா தெரியும். இந்த விளைவு வாயு அடர்த்தியோட நேரா போவும், எக்ஸ்ரே அடர்த்தியோட வர்க்கத்துல போவும். ரெண்டையும் சேத்தா கிளஸ்டர் எவ்வளவு தடிமன்னு வரும், வானத்துல எவ்வளவு அகலமா தெரியுதோ அதோட ஒப்பிட்டா தூரம். தூரத்த படிப்படியா அளக்குற ஏணி வேண்டாம், செஃபீட் வேண்டாம், நேரா தூரம். கேக்கவே சொகமா இருக்கு இல்லியா.

2006ல போனமென்ட்டே குழு 38 கிளஸ்டர்ல 76.9-ன்னு ஹபிள் மாறிலி சொன்னாங்க. ஆனா அளக்குற முறைல இருந்தே வர்ற பிழையப் பாருங்க, மேல 10, கீழ 8. 67-க்கும் 73-க்கும் நடக்குற சண்டைல இது எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. காரணம் ரெண்டு. கிளஸ்டர் பார்வைக் கோட்டுல நீளமா கெடந்தா தடிமன் கணக்கு தப்பும், அத பல கிளஸ்டர சராசரி பண்ணித்தான் ஓரளவு சமாளிக்கணும். அப்புறம் தூரம் வெப்பநிலையோட வர்க்கத்துல போவுது, சூடான கிளஸ்டருக்கு சந்திரா சொல்ற வெப்பநிலையும் எக்ஸ்எம்எம்-நியூட்டன்ங்கிற இன்னொரு எக்ஸ்ரே தொலைநோக்கி சொல்றதும் 10%க்கு மேல வித்தியாசப்படும், அப்போ தூரத்துல 20% போச்சு. எந்த தொலைநோக்கிய நம்புறீங்கங்கிறதுலயே உங்க ஹபிள் மாறிலி முடிவாயிடுது!

அதனால ஹபிள் மாறிலிக்காக இத எடுக்காதீங்க. ஆனா இதே தூரங்கள வச்சு வேற ஒரு அருமையான சின்ன ப்ராஜெக்ட் இருக்கு. கோண வழி தூரத்துக்கும் (தெரியுற அகலத்துல இருந்து வர்றது) ஒளி வழி தூரத்துக்கும் (பிரகாசத்துல இருந்து வர்றது) ஈதரிங்டன் 1933ல சொன்ன உறவு, ரெட்ஷிஃப்டோட 1 கூட்டி வர்க்கம் பண்ணி கோண வழி தூரத்தோட பெருக்குனா ஒளி வழி தூரம் வரணும். கிளஸ்டர் தூரத்தையும் பாந்தியான் பிளஸ்ங்கிற கேட்டலாக்ல உள்ள சூப்பர்நோவா தூரத்தையும் ஒரே ரெட்ஷிஃப்ட்ல வச்சு அந்த உறவு நிக்குதான்னு பாக்கலாம். ரெண்டு டேட்டாவும் டேபிளா கெடைக்கும், பக்கத்து ரெட்ஷிஃப்ட்ல உள்ள சூப்பர்நோவாவ எப்பிடி ஜோடி சேக்குறீங்கங்கிறதுலதான் வித்தை. நேரம் ரொம்ப கம்மியா உள்ளவங்க, ரெண்டு மாசத்துல முடிக்கணும்னு நெருக்கடி உள்ளவங்க இதப் பாருங்க.

நடுவுல ஒரு விஷயம். "அண்ணா, இங்க இருந்தே தொலைநோக்கில கிளஸ்டர் பாக்க முடியாதா"ன்னு கேக்குறவங்க உண்டு. முட்டம் பாறைல நின்னா தெக்க கடல் தொறந்து கெடக்கும், பிப்ரவரி கடைசில ராத்திரி 9 மணி வாக்குல அகத்திய நட்சத்திரம், கனோபஸ், நல்லா தெரியும், அதுக்குக் கொஞ்சம் கீழதான் டார்க் மேட்டருக்கு பேர்போன புல்லட் கிளஸ்டர், நம்ம மாவட்டத்துல இருந்து அடிவானத்துக்கு மேல 26 டிகிரி வரைக்கும் ஏறும். வட இந்தியாவுல உள்ளவங்களுக்கு இந்தக் குடுப்பின இல்ல. ஆனா சின்ன தொலைநோக்கில ஒண்ணும் தெரியாது, எடம் பாத்து சந்தோசப்பட்டுக்கிடலாம், அவ்வளவுதான்.

வழி 4: லென்சிங் கால தாமதம்

கதை இதுலதான் நல்லா இருக்கு. 1964ல ரெஃப்ஸ்டால், ஒரு சூப்பர்நோவா ஈர்ப்பு லென்சால (நடுவுல உள்ள எடை ஒளிய வளைக்குறது) பல பிம்பமா தெரிஞ்சா பிம்பங்கள் வந்து சேர்ற நேர வித்தியாசத்துல இருந்து ஹபிள் மாறிலி எடுக்கலாம்னு சொல்லி வச்சாரு. 50 வருசம் கழிச்சு 2014 நவம்பர்ல ஹபிள் தொலைநோக்கில ஒரு சூப்பர்நோவா நாலு பிம்பமா சிக்குச்சு, அவரு பேரையே வச்சாங்க. லென்ஸ் ஆனது மாக்ஸ் ஜே1149-ங்கிற கிளஸ்டர். எடை மாடல் போட்ட குழுக்கள் "இன்னொரு பிம்பம் இன்ன எடத்துல இன்ன நேரத்துல வரும்"னு முன்கூட்டியே எழுதி வச்சாங்க, 2015 டிசம்பர்ல வந்துச்சு. தாமதம் 376 நாள், பிழை 5-6 நாள்தான். அதுல இருந்து 2023ல ஹபிள் மாறிலி 64.8, நல்லா பொருந்துன ரெண்டு மாடல் மட்டும் எடுத்தா 66.6. இதுக்கு நேர் எதிரா ஜேம்ஸ் வெப்ல சிக்குன சூப்பர்நோவா ஹோப் 75.4-ன்னு சொல்லுது, ஆனா பிழை மேல 8.

கவனிங்க, தாமதம் ஒன்றரை சதவீதத் துல்லியம், ஹபிள் மாறிலி அவ்வளவு துல்லியமா வரல. மிச்சப் பிழையெல்லாம் எங்க இருந்து வருது? எடை மாடல்ல இருந்துதான், சுத்தி வந்து அதே எடத்துலதான் நிக்கிறோம்.

சொந்தமா லென்ஸ் மாடல் போடுறது எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல நடக்காது, பிம்ப ஜோடி அடையாளம் காணவே அனுபவம் வேணும். ஆனா ஒரு பக்க வாசல் இருக்கு. ஹபிள் ஃபிரான்டியர் ஃபீல்ட்ஸ்ங்கிற திட்டத்துல உள்ள 6 கிளஸ்டர்ல மாக்ஸ் ஜே1149-ம் ஒண்ணு, பல குழுவோட மாடல் மேப்பு பொதுவுல கெடக்கு. அத டவுன்லோட் பண்ணி, ஒரே வட்டத்துக்குள்ள ஒவ்வொரு குழுவும் எவ்வளவு எடை சொல்லுது, எங்க ஒத்துப்போகுது எங்க பிரியுதுன்னு வரைஞ்சு காட்டுனா உருப்படியான வேலைதான். பொது சார்பியல் பேப்பர விரும்பிப் படிச்சவங்க, பிஎச்டி போற எண்ணம் உள்ளவங்க மட்டும் இத எடுங்க. மத்தவங்களுக்கு மார்ச் மாசத்துல தலைவலி வரும்.

அப்போ யாரு எத எடுக்க

டார்க் எனர்ஜி மாறுதோன்னு டெசிங்கிற கேலக்ஸி சர்வே 2024ல இருந்து கிளப்பி விட்ட சூட்டுல "நானும் டபிள்யூ பாக்கணும்"னு வர்றவங்க வாயு விகிதத்துக்கே போங்க, பிழை பெருசா வரும், வரட்டும், ஏன் பெருசுன்னு சொல்லத் தெரிஞ்சா போதும். கோடிங் கை நல்லா வந்தவங்க எண்ணிக்கை வழில அந்த எடை பயாஸ் படத்த மட்டும் எடுங்க. ஹபிள் சண்டை வேணும்னா லென்சிங், ஆனா கைடுக்கு இந்த ஏரியா தெரியணும், தெரியலன்னா வேண்டாம் மக்கா. நேரம் இல்லியா, ஈதரிங்டன்.

கைடு சாருக்கு ஆர்வம் இருந்தா இன்னொண்ணும் சொல்லி வைங்க, புனேல உள்ள ஐயூகாங்கிற வானியல் ஆராய்ச்சி மையம் காலேஜ் வாத்தியார்மாருக்கு விசிட்டிங் அசோசியேட் திட்டம் வச்சிருக்கு, அங்க போய் தங்கி கிளஸ்டர் ஆட்கள்கிட்டயே கேட்டுக்கிடலாம், கன்னியாகுமரில இருந்து புனேக்கு நேரா ரயிலும் இருக்கு. எந்த வழி எடுத்தாலும் எந்த கேட்டலாக், எந்த வெர்ஷன், எந்தத் தேதில டவுன்லோட் பண்ணுனீங்கன்னு முதல் நாளே ஒரு நோட்டுல எழுதிடுங்க, ஆட்கள் டேபிள திருத்தி மறுபடி போடுறது சகஜம், ஏப்ரல்ல உங்க நம்பர் பேப்பரோட ஒத்துப்போகலன்னா முதல்ல தேட வேண்டியது அங்கதான்.